எந்த ஓய்வு நேரத்தில்?

2013ஆம் ஆண்டு ஞாயிறு பதிப்பு ஒன்றில் நான் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'ஓய்வு நேரத்தைப் பொன்னாக்கும் வன்னித் தாய்மார்' என்பதாகும். முல்லைத்தீவு மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில், கைக்குழந்தையுடனும் தவழும் குழந்தையுடனும் இருந்த இளம் தாய்மாருக்கு ஒரு நிறுவனம் பனையோலைக் கைப்பணியைக் கற்பித்து வந்தது. வாரத்தில் ஒருநாள் ஆசிரியை வந்து சொல்லிக்கொடுப்பார். மிகுதியை வீட்டிலிருந்தபடியே பழகிக்கொள்ள வேண்டும். "பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கற்கலாம், வீட்டை விட்டு வெளியேறாமலே உழைக்கலாம்" என்று அந்நிறுவனத்தின் துண்டுப்பிரசுரம் கூறியது. அதை நான் ஏறக்குறைய அப்படியே எடுத்து எழுதினேன். ஒரு தாய் திண்ணையில் அமர்ந்து பெட்டி இழைக்க, அருகே குழந்தை ஓலைத் துண்டொன்றைப் பிடித்து விளையாடும் படமும் வெளிவந்தது. கட்டுரை பலராலும் பாராட்டப்பட்டது. புலம்பெயர்ந்த வாசகர்கள் சிலர் கண்கலங்கியதாக எழுதினார்கள்.

அடுத்த ஆண்டு வேறு அலுவலாக அதே கிராமத்துக்குப் போயிருந்தேன். படத்தில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டு அருகே வந்தார்.

"ஐயா, உங்கடை கட்டுரை வாசிச்சனான். நல்லா எழுதியிருக்கிறியள். ஒண்டு கேக்கவேணும். எனக்கு ஓய்வு நேரம் எத்தினை மணிக்கு வாறது?"

ஏளனமாகக் கேட்டதாகத் தெரியவில்லை. உண்மையாகவே கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. "சொல்லு பிள்ளை" என்றேன். அவர் சொன்னார்.

அவருக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். மூத்ததற்கு நாலு வயது, இளையது ஒன்றரை வயது. கணவர் மேசன் வேலைக்கு வவுனியாவுக்குப் போய் வாரக் கடைசியில் திரும்புபவர். விடிய நாலரைக்கு எழுந்தால் கிணற்றடி, அடுப்படி, மூத்தவனை முன்பள்ளிக்கு அனுப்புவது, திரும்பி வருவதற்குள் சமைப்பது, இளையவளைக் குளிப்பாட்டுவது, ஆடு, கோழி, விறகு. முன்பள்ளியோ மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும். மாலையிலும் இதே சுற்றுத்தான். இரவு எட்டரைக்குப் பிள்ளைகள் இருவரும் உறங்கிய பின்னர், விளக்கு வெளிச்சத்தில் ஓலையை எடுப்பாராம். பதினொரு மணி வரை இழைப்பார். இளையவள் இடையில் எழுந்து அழுதால் இழை விட்ட இடம் தவறிப்போகும். மறுநாள் அதைக் குலைத்துத் திரும்ப இழைக்க வேண்டும். இவ்வாறு மூன்று இரவுகளில் ஒரு சிறிய மூடல்பெட்டி முடியும். அதற்கு நிறுவனம் கொடுத்தது 60 ரூபா. அதே பெட்டி கொழும்புக் கண்காட்சி ஒன்றில் 350 ரூபாவுக்கு விற்கப்பட்டதை அவரே தன் கண்ணால் கண்டிருக்கின்றார், ஏனெனில் கண்காட்சிக்கு அவரையும் அழைத்துச் சென்று மேசைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

எனவே அவர் இழைத்தது ஓய்வு நேரத்தில் அல்ல, உறக்க நேரத்தில். அதற்கு ஓய்வு நேரம் என்று பெயர் வைத்தவன் நான்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே துண்டுப்பிரசுரம் வேறு வேறு அட்டைகளுடன் வந்துகொண்டுதான் இருக்கின்றது. பனையோலை போய்த் தையல் வந்தது, தையல் போய்க் கேக் அலங்காரமும் காகிதப் பூவும் துணிப் பொம்மையும் வந்தன. அண்மையில் என் கைக்கு வந்த ஒன்றிலும் 'வீட்டில் சும்மா இருக்கும் இளம் தாய்மாருக்கான' என்ற அடைமொழி அச்சாகியிருக்கக் கண்டேன். ஒன்றரை வயதுக் குழந்தையுள்ள வீட்டில் சும்மா இருப்பது யார் என்பதை அச்சிட்டவர் தம் தாயிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

கைப்பணிக்கு நான் எதிரி அல்லன். என் தாயார் கடகம் இழைத்தவர். வடமராட்சியில் பிறந்தவன் எவனுக்கும் சுளகும் நீற்றுப்பெட்டியும் கொட்டைப்பெட்டியும் பனங்கட்டிக் குட்டானும் காட்சிப் பொருள்கள் அல்ல, அவை வீட்டுக்குள் புழங்கிய சாமான்கள். ஆகையால் அந்த வேலையின் தன்மையை ஓரளவு அறிவேன். சார்வோலையை வெயிலில் காயவைக்க வேண்டும். காய்ந்தது முறியும் என்பதால் இரவுப் பனியில் போட்டுப் பதமாக்க வேண்டும். பின்பு ஈர்க்கை நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலத்தில் வார்ந்தெடுக்க வேண்டும். வார்ந்த ஓலையின் ஈரம் போவதற்குள் இழைத்தாக வேண்டும். சாயம் போடுவதென்றால் பெரிய பானையில் நீர் கொதிக்க வேண்டும். கடகத்துக்கு இரட்டைப் படையாக இழைத்து, விளிம்பைப் பனை நாரினால் பொத்த வேண்டும். கூரிய சத்தகம், கொதிக்கும் சாயப் பானை, இடையில் விட்டால் உலர்ந்து முறியும் ஓலை. தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமற்ற வேலையைத் தேடிப் பிடிப்பதானால் சிரமப்பட வேண்டும். தையல் இயந்திரமும் அவ்வாறானதே. அதன் மிதியையும் ஊசியையும் பார்த்ததும் குழந்தையின் கை எங்கே போகும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

"அப்படியானால் உமது தாயார் எப்படிக் கற்றார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அம்மாவுக்குத் திருமணத்தின்போது ஓலை வேலை தெரியாது. நானும் என் தம்பியும் தங்கையும் பிறந்த பிற்பாடே, பக்கத்து வளவு ஆச்சி ஒருவரிடம் கற்றுக்கொண்டார். பின்னேரங்களில் எங்கள் முற்றத்து வேப்பமர நிழலில் நாலைந்து பெண்கள் கூடுவார்கள். தங்கை ஏணையில் கிடப்பாள். ஏணையின் கயிற்றை அப்பாச்சி பிடித்து ஆட்டுவார். தம்பி யாருடைய மடியில் இருக்கிறான் என்று யாரும் கவலைப்பட்டதில்லை, ஏதாவதொரு மடியில் இருப்பான். எனக்கு மாமி ஒருத்தி சுவட்டை காட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். அம்மாவின் கடகம் கோணாமல் நிற்பதற்கு இரண்டு வருடங்கள் எடுத்தன என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார். கோணிய கடகங்களில் மாட்டெருவும் குப்பையும் அள்ளினோம். அவற்றை யாரும் 'தரக் கட்டுப்பாடு' என்று கூறித் திருப்பி அனுப்பவில்லை.

ஆக, அம்மா 'வீட்டிலிருந்தபடியே' கற்றார் என்பது உண்மை. ஆனால் அந்த வீட்டில் பிள்ளை பார்க்க ஆறு கைகள் இருந்தன. கற்பிக்க ஒருவர் ஒவ்வொரு நாளும் இருந்தார். பிழை விட இரண்டு வருடங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பாவின் சம்பளம் இருந்தது. அந்தக் கடகத்தை விற்றுத்தான் அன்றிரவு உலை வைக்க வேண்டும் என்ற நிலை எங்களுக்கு இருக்கவில்லை.

அந்த நிலை இருந்த பெண்களும் எங்கள் ஊரில் இருந்தார்கள். பனைத் தொழிலை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பெண்கள் அவர்கள். தலையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு சந்தைக்கும் வீடு வீடாகவும் வருவார்கள். இடுப்பில் பெரும்பாலும் ஒரு குழந்தை இருக்கும். எங்கள் வீட்டார் உட்பட ஊரார் படலைக்கு வெளியே நிறுத்திவைத்துப் பேரம் பேசுவார்கள். பணத்துக்குப் பதிலாக அரிசியோ நெல்லோ அளந்து கொடுத்து அனுப்பியதும் உண்டு. அவர்களுடைய கை என் தாயாரின் கையைவிட எத்தனையோ மடங்கு தேர்ந்தது. அத்தேர்ச்சி அவர்களை அந்தப் படலைக்கு உள்ளே கொண்டுவரவில்லை. மரபுக் கைப்பணியின் பொற்காலம் என்று மேடையில் பேசுகின்றவர்கள் எல்லோரும் என் தாயாரின் முற்றத்தையே நினைத்துக்கொண்டு பேசுகின்றார்கள். படலைக்கு வெளியே நின்றவர்களை நினைத்துப் பேசுபவரை நான் இன்னும் காணவில்லை. இன்று வன்னிப் பெண்ணுக்கு நாம் காட்டும் படம் முற்றத்தினுடையது, கொடுக்கும் விலையோ படலைக்கு வெளியே கொடுத்தது.

கைப்பணி ஓய்வு நேரத்தில் செழித்ததாக வரலாறும் சொல்லவில்லை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலைப் புரட்டியவர்கள் அறிவார்கள். கண்டி இராச்சியத்தின் கைவினைஞர்களுக்குச் சேவைக்குரிய மானியமாக நிலம் இருந்தது. சோற்றுக்கு வழி இருந்தபடியால் அவன் கை அவசரப்படாமல் வேலை செய்தது. நம் காலத்திலேயே கண்டதொன்றைக் கூறுவதானால், 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் கைத்தறியும் பத்திக்கும் இத்தீவெங்கும் தழைத்தன. நான் பத்திரிகைத் துறையில் காலடி வைத்த ஆண்டுகள் அவை. கிராமந்தோறும் நெசவு நிலையங்களில் இளம் பெண்கள் வரிசையாக அமர்ந்து தறி மிதித்ததைச் செய்தியாக எழுதியிருக்கின்றேன். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மலிவான துணி வந்து குவிந்தது. நெசவு நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்தப் பெண்களின் திறமை ஒரே வருடத்தில் குறைந்துபோயிற்றா? சோம்பல் பிடித்துக்கொண்டதா? விலை போயிற்று, அவ்வளவுதான். பயிற்சி கொடுப்பதால் மட்டும் ஒரு தொழில் உண்டாவதில்லை என்பதை 1977 நமக்குக் காட்டியது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவாக்கப்பட்டதிலிருந்து ஓலை வேலையிற் பயிற்சி பெற்றோர் எத்தனையோ பேர். ஊருக்கு ஊர் சான்றிதழ் பெற்ற கைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒழுங்காக ஓடர் கொடுப்பவர்கள்தான் இல்லை.

சந்தை இல்லாத இடத்தில் பயிற்சியின் முடிவில் வருவது கடன். தையல் பழகிய பெண்ணுக்கு இயந்திரம் வேண்டும். அதற்கு நுண்கடன் நிறுவனம் வீட்டு வாசலில் நிற்கும். ஒரே ஒழுங்கையில் பன்னிரண்டு பெண்கள் ஒரே சட்டையைத் தைத்தால் வாங்குவது யார்? வட்டி மட்டும் வாரந்தவறாமல் வரும். இந்தச் சுமை எவ்வளவு தூரம் போயிற்று என்றால், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. 2021இல் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் நொந்த பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்தக் கடன்கள் யாவும் கைப்பணிக்காக எடுக்கப்பட்டவை என்று நான் கூறவில்லை. ஆனால் 'வீட்டிலிருந்தே உழைக்கலாம்' என்ற அதே வாக்கியம்தான் கடன் விண்ணப்பத்திலும் எழுதப்பட்டிருந்தது.

இனி, இந்த நாட்டின் புள்ளிவிபர மரபைப் பாருங்கள். தொழிற்படை மதிப்பீட்டில், பிள்ளை வளர்த்து வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண் 'பொருளாதார ரீதியாகச் செயற்படாதோர்' என்ற பெட்டிக்குள் போடப்படுவார். பெண்களின் தொழிற்படைப் பங்களிப்பு நீண்ட காலமாக மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்பதாக ஆண்டுதோறும் அங்கலாய்க்கப்படுகின்றது. நேரம் எவ்வாறு செலவாகின்றது என்பது பற்றிய தேசிய மட்ட ஆய்வு 2017இல்தான் நடத்தப்பட்டது. ஊதியமற்ற வேலையின் பெரும் பகுதி பெண்களின் தலையில் விழுகின்றது என்பது அதில் தெரியவந்தது. அதை அறிய ஆய்வு வேண்டுமா என்பது வேறு விடயம். ஆனால் செயற்படாதோர் என்று முதலில் பெயர் சூட்டி, பின்பு செயற்பட வைப்பதற்கென்று பயிற்சி நெறி வகுத்து, அதன் செலவைத் தாயின் உறக்கத்திலிருந்து கழித்துக்கொள்கின்ற இந்தக் கணக்கு எந்தக் கணக்காய்வாளரின் கண்ணிலும் படவில்லை.

சொன்னால் வேடிக்கையாக இருக்கும். பிள்ளையை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது என்ற எளிய உண்மையை இத்தீவில் நன்றாக அறிந்திருந்தவர்கள் தோட்டத் துரைமார்! மலையகத் தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா என்றொரு அறை இருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய் தன் குழந்தையை அங்கே ஆயாவிடம் விட்டுச் செல்வாள். இன்று அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று அழைக்கப்படுகின்றன. துரைமார் கருணையினால் அதை அமைத்தார்கள் என்று எவரும் நினைக்க வேண்டாம். கையிற் குழந்தை இருந்தால் கூடை நிறையாது, கூடை நிறையாவிட்டால் இலாபம் இல்லை. அந்தக் காம்பராக்களின் நிலை பல இடங்களில் எவ்வளவு மோசமாக இருந்தது என்பதையும் மலையக நண்பர்கள் அறிவார்கள். ஆயினும் தாயின் உழைப்பு வேண்டுமென்றால் குழந்தைக்கு இன்னொரு ஆளும் ஓர் இடமும் வேண்டும் என்ற கணக்கு சுரண்டியவனுக்கு விளங்கிற்று. உதவ வந்தவர்களுக்கு ஏன் விளங்கவில்லை?

விளங்கிக்கொண்டவர்கள் அயலில் இருக்கின்றார்கள். குஜராத்தில் எலா பட் 1972இல் தொடங்கிய சேவா அமைப்பு, பீடி சுற்றுவோர், கந்தல் துணியில் தைப்போர், பூவேலை செய்வோர் ஆகிய வீட்டிலிருந்து உழைக்கும் பெண்களை முதலில் 'தொழிலாளர்' என்று அழைத்தது. பின்பு துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்காகப் பேரம் பேசியது. குழந்தைப் பராமரிப்பு நிலையங்களையும் தொடங்கியது. வேலை கொடுப்போருக்காக வீட்டிலிருந்து பொருள் செய்வோருக்கு ஊதியத்திலும் மகப்பேற்றுப் பாதுகாப்பிலும் பயிற்சியிலும் ஏனைய தொழிலாளருக்குச் சமமான நடத்துகை வேண்டும் என்று கூறும் 177ஆம் இலக்கச் சமவாயத்தைச் சர்வதேச தொழில் அமைப்பு 1996இல் நிறைவேற்றியதிலும் அப்பெண்களுக்குப் பங்குண்டு. அதை ஏற்று உறுதிப்படுத்திய நாடுகளின் பட்டியலில் இலங்கையின் பெயர் இல்லை. இந்தியாவின் பெயரும் இல்லை. அலுவலகத்திற் பணிபுரியும் நம் பெண்ணுக்கு 12 வார மகப்பேற்று விடுமுறை உண்டு. இரவு பதினொரு மணி வரை பெட்டி இழைப்பவருக்கு 12 நாளும் இல்லை, ஏனெனில் அவர் செய்வது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு.

பொழுதுபோக்காகவே கைப்பணி பழகும் தாயையும் எனக்குத் தெரியும். என் மகள் ரொறன்ரோவில் வசிக்கின்றாள். முதற் குழந்தை பிறந்தபோது ஒரு வருட விடுமுறை கிடைத்தது. காப்புறுதியிலிருந்து பணமும் வந்துகொண்டிருந்தது. மருமகனும் இடையில் சில வாரங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டார். அந்த வருடத்தில் அவள் குரோசே பின்னக் கற்றுக்கொண்டாள். பேத்திக்கு ஒரு தொப்பி பின்னினாள். ஒரு பக்கம் பெரிதும் மறு பக்கம் சிறிதுமாக வந்த அந்தத் தொப்பியைப் படம் எடுத்து அனுப்பி, "அப்பா, அம்மம்மாவின்ரை கடகம் மாதிரி" என்று எழுதியிருந்தாள். அது அவளுடைய மனதுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நான் அறிவேன். பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தன் கையால் ஒன்றை முடித்துப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கின்றது. அதை வன்னிப் பெண்ணுக்கும் மறுக்க நான் யார்? ஆனால் என் மகளின் ஊசிக்குப் பின்னால் ஒரு வருடப் படி இருந்தது. தொப்பி கோணினாலும் அடுப்பு எரிந்தது.

ஆகவே இத்திட்டங்களை வகுப்போரிடமும் அவற்றுக்குப் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகளிடமும் கேட்பது அதிகம் இல்லை. பயிற்சிக்கான பாதீட்டில் ஓலைக்கும் சாயத்துக்கும் பதாகைக்கும் ஒதுக்குவதற்கு முன்னர், பிள்ளை பார்க்கும் இரண்டு பெண்களுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். வீடு வீடாகப் பிரித்து வைக்காமல் ஊர் மண்டபத்தில் ஒன்றாக இருத்திக் கற்பியுங்கள். கற்கும் மாதங்களுக்குப் படி கொடுங்கள். பெட்டிக்கு விலை வைக்கும்போது ஓலையின் விலையுடன் மணித்தியாலங்களையும் எழுதி, அந்த மணித்தியாலத்துக்கு அதே ஊரில் கச்சான் பிடுங்கப் போனால் என்ன கூலி என்று விசாரித்துப் பாருங்கள். அந்தக் கூலி தர முடியாவிட்டால் அதைத் தொழில் என்று அழைக்காதீர்கள், வாழ்வாதாரம் என்று அறிக்கையில் எழுதாதீர்கள். கணவன்மார் பிள்ளையைப் பார்த்தால் என்ன என்று கேட்கும் துணிச்சலும் வகுப்பெடுப்போருக்கு வேண்டும். அதை மட்டும் எல்லோரும் 'கலாசாரம்' என்று சொல்லித் தாண்டிப் போய்விடுகின்றார்கள்.

சென்ற வருடம் ஒரு சான்றிதழ் வழங்கும் வைபவத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். இளம் தாய்மார் 25 பேர் சேலையுடுத்தி வரிசையாக இருந்தார்கள். மேசை மீது பெட்டிகளும் கைப்பைகளும் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. எனக்கு முன்பு பேசியவர் 'ஓய்வு நேரம்' என்ற சொல்லை நாலு தடவை சொன்னார். என் முறை வந்தபோது, "பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

மண்டபத்துக்குப் பின்னால் மாமரத்தின் கீழ் ஒரு மூதாட்டி பாய் விரித்து அமர்ந்திருந்தார். மடியில் ஒன்று, தோளைப் பிடித்தபடி ஒன்று, சுற்றிலும் மண் அளைந்துகொண்டு ஒன்பது பிள்ளைகள். பயிற்சி நடந்த மூன்று மாதமும் அவர்தான் பார்த்துக்கொண்டாராம். மதியம் எல்லோருக்கும் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தபோது, அவருக்குப் போயிற்றா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த தாளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"லிஸ்ற்றில பேர் இல்லை, ஐயா" என்றார்.